கிரீன் சர்க்கிளில் நின்றுவிடும் பேச்சு

காலையில் ஏழே முக்காலுக்கு வேலூர் சத்துவாச்சாரியில் வண்டியை எடுத்தால், கிரீன் சர்க்கிள் சந்திப்பைத் தாண்டி, பாலாற்றுப் பாலத்தில் ஏறி இறங்கி, விருதம்பட்டு வழியாகக் காட்பாடியில் மகளின் பள்ளிக்கூட வாசலுக்குப் போய்ச் சேர ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி நேரமும் பின்னால் உட்கார்ந்துகொண்டு அவள் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வருவாள். யாருடைய பென்சில் பாக்ஸ் தொலைந்தது, யார் யாரோடு டூ விட்டிருக்கிறார்கள், பள்ளிக்கூடச் சுவர் ஓரமாகக் குட்டி போட்ட பூனை இப்போது குட்டிகளை எங்கே மாற்றி வைத்திருக்கிறது, எல்லாம் வரும். வீட்டில் அவள் இவ்வளவு பேசுவதில்லை. சாயந்திரம் "இன்னிக்கு ஸ்கூல்ல என்னம்மா நடந்துச்சு?" என்று கேட்டால் "ஒண்ணுமில்லப்பா" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள். வண்டியில் காற்று பட்டால் அவளுக்குப் பேச்சு வருகிறது, அது ஒரு குணம் என்றுதான் ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் மாதம் பள்ளி திறந்து இரண்டாவது வாரமோ என்னவோ, ஒருநாள் அவசரத்தில் போனை வீட்டிலேயே வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். கிரீன் சர்க்கிளில் வழக்கம்போல லாரியும் பஸ்ஸும் ஆட்டோவுமாகத் தேங்கி நிற்க, நானும் காலை ஊன்றி நின்றேன். பின்னால் பூனைக் கதை ஓடிக்கொண்டிருந்தது. வண்டி நின்றதும் கதையும் நின்றது. அதுவும் பாதி வாக்கியத்தில், "அந்தக் கருப்புக் குட்டி மட்டும்" என்ற இடத்தில். முன்னால் இடம் கிடைத்து வண்டி நகர்ந்ததும், "கண்ணு தொறக்கவே இல்லப்பா" என்று விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

"ஏன் பாப்பா நடுவுல நிறுத்திட்ட?" என்று கேட்டேன்.

"இங்க நீ போன் பாப்பல்ல, அதான்."

கோபமாகவோ குறையாகவோ சொல்லவில்லை. இந்த இடத்தில் வேகத்தடை இருக்கிறது என்று சொல்வது போலச் சொன்னாள். எனக்குத்தான் அன்று ராணிப்பேட்டை போய்ச் சேரும்வரை, திருவலம் தாண்டியும், மனசு அந்த ஒரு வரியிலேயே நின்றுவிட்டது. வண்டி நின்றால் என் கை பாக்கெட்டுக்குப் போகும், ஹெல்மெட் குனியும், அப்பா இங்கே இல்லை என்று அவளுக்குத் தெரியும். மறுபடி வண்டி ஓடினால் அப்பா திரும்பி வந்துவிடுவார். எட்டு வயசுக் குழந்தை இதைப் பார்த்துப் பார்த்து, தன் பேச்சை அதற்கு ஏற்ற மாதிரி வெட்டி வைத்துக்கொள்ளப் பழகியிருக்கிறாள். வண்டியில் ஏன் இவ்வளவு பேசுகிறாள் என்பதும் அன்றைக்குத்தான் விளங்கியது. ஒருநாள் பொழுதில் நான் விழித்திருந்து, அவளோடு இருந்து, கையில் போன் இல்லாத ஒரே நேரம் அதுதான்.

என் வேலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் ஏற்றுமதிப் பிரிவில் இருக்கிறேன். நமக்குச் சாயந்திரம் ஆறரை மணி என்றால் ஜெர்மனியில் மதியம் இரண்டு மூன்று மணி, அவர்களுக்கு வேலை மும்முரமான நேரம். நான் வீட்டுக்குள் நுழையும்போதுதான் அங்கிருந்து கேள்விகள் வர ஆரம்பிக்கும். ஆகவே "போனை வைத்துவிட்டுக் குழந்தையைப் பார்" என்று யாராவது சொன்னால், இந்தப் போன்தானே சோறு போடுகிறது என்று பதில் சொல்லும் பழக்கம் எனக்கு இருந்தது. அது பொய்யும் இல்லை. ஆனால் ஆபீஸ் மெசேஜ் பார்க்க எடுத்த போனில் அடுத்த இருபது நிமிடம் நான் பார்த்ததெல்லாம் ஆபீஸ் மெசேஜ் இல்லை என்பதும் எனக்குத் தெரியும்.

வேலை வேலை என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு என் அம்மா ஞாபகம் வருகிறார். குடியாத்தத்தில் அம்மா பீடி சுற்றினார், நைனா தறியில் லுங்கி நெய்தார். (எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம்.) தறிச் சத்தத்தில் நைனாவிடம் எதுவும் பேச முடியாது, எல்லாக் கதையும் அம்மாவிடம்தான் போகும். அம்மாவுக்கு மட்டும் ஓய்வு இருந்ததா என்றால் அதுவும் கிடையாது. ராத்திரியே இலையை நனைத்து ஈரத்துணியில் சுற்றி வைத்துவிடுவார், விடிந்ததும் தகட்டை வைத்துக் கத்தரிக்கோலால் ஒவ்வொரு இலையாக அளவு வெட்டுவார், அப்புறம் மடியில் முறம், முறத்தில் தூள், பக்கத்தில் நூல். இலையை விரித்து, ஒரு சிட்டிகை தூள் வைத்து, உருட்டி, முனையை மடக்கி, நூலைச் சுற்றி அறுத்துப் போட்டு, உடனே அடுத்த இலை. ஒருநாளைக்கு ஆயிரம் சுற்றினால்தான் கூலி கூலியாக இருக்கும். இருபத்தைந்து இருபத்தைந்தாகக் கட்டு கட்டிக் கொண்டுபோனால் அங்கே பாதி கட்டைப் பிரித்துப் பார்த்து, சரியில்லை என்று ஒரு கை அள்ளித் தனியாகப் போடுவார்கள். அந்தத் தூள் இறங்கிய நெஞ்சோடு அம்மா இன்றைக்கும் விடியற்காலையில் இருமுகிறார். அந்தப் பிழைப்பை நான் உயர்த்திப் பேச வரவில்லை, அது யாருக்கும் வேண்டாம்.

ஆனால் ஒன்று. பள்ளிக்கூடம் விட்டு வந்து திண்ணையில் பையைப் போட்டுவிட்டு அம்மா எதிரில் உட்காருவோம். நானோ அக்காவோ ஏதாவது சொல்லத் தயங்கினால் அம்மா சொல்வார்: "இன்னாடா ஆச்சு, சொல்லு. கைதான வேல செய்யுது, காது சும்மாதான கீது."

விரல் தன் பாட்டுக்கு ஓடும். கண் எங்கள் முகத்தில் இருக்கும். வாத்தியார் அடித்த கதையைச் சொன்னால் அம்மாவின் புருவம் ஏறும், சிரிப்புக் கதை என்றால் முறம் குலுங்கும், அடுத்து என்ன கேட்பார் என்பது அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே எங்களுக்குத் தெரிந்துவிடும். ஆயிரம் பீடியும் முடியும், எங்கள் கதையும் முடியும். நேரக் கணக்கு போட்டால் என் அம்மாவைவிட நான்தான் என் குழந்தைகளோடு அதிக நேரம் வீட்டில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்க இருக்கிறேன். ஆனால் அம்மாவின் வேலை அவருடைய கையை மட்டும்தான் எடுத்துக்கொண்டது. என் போன் என் முகத்தை எடுத்துக்கொள்கிறது.

இதைச் சும்மா உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லவில்லை. எட்வர்ட் டிரானிக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970களில் ஒரு சோதனை செய்தார். சில மாதக் குழந்தையோடு அம்மா சாதாரணமாகக் கொஞ்சி விளையாட வேண்டும். அப்புறம் இரண்டு மூன்று நிமிடம், எழுந்து போகாமல், குழந்தையைப் பார்த்தபடியே, முகத்தில் எந்த அசைவும் இல்லாமல் கல்லு மாதிரி இருக்க வேண்டும். அவ்வளவுதான் சோதனை. குழந்தைக்கு உடனே தெரிந்துவிடும். முதலில் சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், சத்தம் கொடுக்கும், இதற்கு முன்னால் அம்மாவைச் சிரிக்க வைத்ததை எல்லாம் ஒவ்வொன்றாகச் செய்து பார்க்கும். ஒன்றும் நடக்கவில்லை என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், சில குழந்தைகள் அழுதுவிடும். அந்த அம்மா அங்கேயேதான் இருக்கிறார், கைக்கெட்டும் தூரத்தில். ஸ்மார்ட்போன் என்ற ஒன்றை யாரும் நினைத்துக்கூடப் பார்க்காத காலத்தில் செய்த சோதனை இது. அந்தக் கல்முகம்தான், போன் பார்க்கும்போது நம் எல்லோருக்கும் இருக்கிற முகம். ஒருநாள் போன் பார்த்துக்கொண்டிருக்கிற என்னை என் மனைவி படம் எடுத்துக் காட்டினாள். வாய் லேசாகத் திறந்து, கண் கீழே, நெற்றியில் ஒரு சலனம் இல்லை. என் மூன்று வயசு மகன் அந்தப் படத்தின் ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் லாரியை என் முட்டியில் ஏற்றிக்கொண்டிருக்கிறான். அவன் லாரி ஏற்றியது எனக்கு ஞாபகமே இல்லை.

அவன் அப்போது என்ன செய்வான் என்று இப்போது கவனிக்கிறேன். முதலில் லாரியை மெதுவாக ஏற்றுவான். அப்புறம் வாயால் ஹாரன் அடிப்பான். அப்புறம் இடிப்பான். இடித்ததும் நான் நிமிர்ந்து "டேய், என்னடா பண்ற!" என்று கத்துவேன். போன தீபாவளி வரைக்கும் இவன் முரட்டுப் பிள்ளை, அக்கா மாதிரி இல்லை என்று சொந்தக்காரர்களிடம் எல்லாம் சொல்லி வைத்திருந்தேன். அவன் முரடன் இல்லை. மெதுவாகக் கூப்பிட்டான், நான் பார்க்கவில்லை, அதனால் பலமாகக் கூப்பிட்டான்.

2014ல் ஜென்னி ராடெஸ்கி என்ற குழந்தை மருத்துவரும் அவருடைய குழுவினரும் பாஸ்டன் நகரத்து உணவகங்களில் போய் உட்கார்ந்து, குழந்தைகளைக் கூட்டி வந்த பெரியவர்களைக் கவனித்துக் குறித்துக்கொண்டு வந்தார்கள். 55 பேரில் 40 பேர் சாப்பாட்டு நேரத்தில் போனை எடுத்தார்கள். போனில் மூழ்கியிருந்தவர்களின் குழந்தைகளில் சிலர் கவனத்தை இழுக்கச் சேட்டையைக் கூட்டினார்கள், பெரியவர்களில் சிலர் கடுமையாக அதட்டினார்கள். படித்தபோது, ஆற்காடு சாலையில் நாங்கள் போகும் பிரியாணிக் கடையில் எங்கள் மேஜையைப் பார்த்தே எழுதியது போல இருந்தது.

இன்னொரு ஆய்வு இதைவிட என்னை உலுக்கியது. 2017ல் வெளிவந்தது. 38 அம்மாக்களிடம், உங்கள் இரண்டு வயசுக் குழந்தைக்கு இரண்டு புது வார்த்தை சொல்லிக் கொடுங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். ஒரு வார்த்தையைச் சொல்லிக் கொடுக்கும்போது நடுவில் போன் அடிக்கும், அம்மா எடுத்துப் பேசிவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்வார். இன்னொரு வார்த்தைக்குத் தடங்கல் கிடையாது. தடங்கல் இல்லாத வார்த்தையைக் குழந்தைகள் பிடித்துக்கொண்டார்கள். போன் நடுவில் வந்த வார்த்தை ஏறவில்லை. அம்மாக்கள் அந்த வார்த்தையைக் குறைவான தடவை சொல்லவும் இல்லை, இரண்டையும் அதே அளவுதான் சொன்னார்கள். "ஒரு நிமிஷம் இரு, இதோ வந்துட்டேன்" என்று நாம் சொல்லும்போது, ஒரு நிமிடம்தானே போகிறது என்று நினைக்கிறோம். அங்கே ஒரு நூல் அறுந்துபோகிறது. பீடி சுற்றுபவர்களைக் கேட்டுப் பாருங்கள், நடுவில் நூல் அறுந்தால் அந்த இலை பிரிந்துகொள்ளும், மறுபடி முதலிலிருந்துதான் சுற்ற வேண்டும்.

கை ஏன் தானாகப் பாக்கெட்டுக்குப் போகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம், ஏனென்றால் இதை நம் ஒழுக்கக் குறைவு என்று மட்டும் நினைத்தால் தப்பாகிவிடும். ஸ்கின்னர் என்ற உளவியலாளர் புறாக்களை வைத்துச் செய்த சோதனைகள் பிரபலமானவை. கொத்தினால் சில சமயம் தீனி விழும், சில சமயம் விழாது, எப்போது விழும் என்று தெரியாது என்று வைத்தால்தான் புறா விடாமல் கொத்திக்கொண்டே இருக்கும். திரையைக் கீழே இழுத்துவிட்டால் புதுசாக ஏதாவது வரும் என்ற ஏற்பாடு ஒரு ட்விட்டர் செயலியில் வந்தது. உருட்ட உருட்ட முடிவே இல்லாமல் வந்துகொண்டிருக்கும் பக்கத்தை 2006ல் உருவாக்கிய ஆசா ராஸ்கின், பிற்பாடு அதற்காக வருத்தப்பட்டுப் பேசியிருக்கிறார். செய்தித்தாளுக்குக் கடைசிப் பக்கம் உண்டு. டீக்கடையில் பேப்பர் படிக்கிற ஆள் எப்படியும் ஒரு கட்டத்தில் மடித்து வைத்துவிட்டு எழுந்திருப்பார். இதில் மடித்து வைக்கிற இடமே வராமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நம்மிடம் இருப்பது சாயந்திரத்தில் இரண்டு மணி நேரம், அதற்கு எதிரே நிற்பது எவ்வளவு பெரிய ஏற்பாடு என்று தெரிந்துகொண்டால், என் மாதிரி ஆட்கள் தங்களைத் திட்டிக்கொள்வதை விட்டுவிட்டு வேறு வழி பார்க்கலாம்.

2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தது. வேலூர்க்காரர்களுக்குப் பாலாறு என்றால் மணல்தான், என் வயசுக்கு அதில் இரு கரையும் தொட்டுத் தண்ணீர் போய்ப் பார்த்ததே இல்லை. ஊரே பாலத்தில் வந்து நின்றது. நானும் நாலு வயசு மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு போனேன். அன்றைக்கு எடுத்த வீடியோ இப்போதும் என்னிடம் இருக்கிறது. கலங்கல் தண்ணீர், அடித்துக்கொண்டு போகிற மரக்கிளை, ஜனங்களின் சத்தம், எல்லாம் தெளிவாக இருக்கிறது. வாழ்க்கையில் முதல்முறையாக ஆறு என்ற ஒன்றைப் பார்த்தபோது என் மகளின் முகம் எப்படி இருந்தது என்பது மட்டும் எனக்குத் தெரியாது. என் தோளில்தான் இருந்தாள். வீடியோவின் நடுவில் ஒரு சின்னக் குரல் "அப்பா, அப்பா, அப்பா" என்று மூன்று தடவை கேட்கிறது, நான் "இரு" என்கிறேன். என்ன சொல்ல வந்தாள் என்று அவளைக் கேட்டேன். அவளுக்கும் ஞாபகம் இல்லை.

அதற்காகப் போனைப் பாலாற்றில் தூக்கிப் போடுங்கள் என்று சொல்ல மாட்டேன். எங்கள் மாவட்டத்தில் கம்மவான்பேட்டை என்று ஓர் ஊர், ராணுவப் பேட்டை என்றே சொல்வார்கள், அங்கே பட்டாளத்தில் ஆள் இல்லாத வீட்டைத் தேடித்தான் பார்க்க வேண்டும். அப்படி ஒரு வீட்டுக் குழந்தைக்கு ராத்திரி வீடியோ காலில் தெரிகிற முகம்தான் அப்பா. அந்தப் பத்து நிமிடம் போன் ஒரு முகத்தைக் கொண்டுவந்து தருகிறது. அதே மாதிரி, கைக்குழந்தையோடு நாள் முழுக்க நாலு சுவருக்குள் இருக்கிற பெண் பால் கொடுத்துக்கொண்டே தன் அம்மாவோடு போனில் பேசுகிறாள் என்றால் அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. என் மனைவிக்கு அந்த முதல் வருஷத்தில் நான் செய்ததைவிட அந்தப் போன் அதிகம் செய்தது. குழந்தை படுத்துகிற பாட்டில் களைத்துப்போய்ப் பெற்றோர் போனுக்குள் ஒதுங்குகிறார்கள், ஒதுங்க ஒதுங்கக் குழந்தை இன்னும் படுத்துகிறது என்று இது இரண்டு பக்கமும் சுற்றுகிற சக்கரம் என்றுதான் ஆய்வு செய்தவர்களும் சொல்கிறார்கள். களைப்பைப் பார்க்காமல் போனை மட்டும் பிடுங்கினால் எதுவும் மாறாது.

பள்ளிக்கூடங்கள் மீதும் எனக்கு வருத்தம் உண்டு. வீட்டுப்பாடம் சாயந்திரம் ஏழு மணிக்கு வாட்ஸ்அப் குரூப்பில் வருகிறது. அதைப் பார்க்கத் திறந்தால் கீழே நாற்பது "ஓகே மேம்", அதைத் தாண்டினால் இன்னொரு குரூப். டைரியில் எழுதி அனுப்பிய காலத்தில் டைரியைத் திறந்தால் டைரிதான் இருந்தது. பெற்றோர் கூட்டத்தில் இதைக் கேட்டேன், பார்க்கலாம் என்றார்கள்.

இப்போது வீட்டில் என்ன செய்கிறோம் என்றால், பெரிதாக ஒன்றுமில்லை. ஆறே முக்காலிலிருந்து எட்டே முக்கால் வரை என் போனும் மனைவியின் போனும் சமையலறை மேல்தட்டில், மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கும். அழைப்பு மணி மட்டும் கேட்கும், மெசேஜ் சத்தம் எல்லாவற்றையும் அணைத்துவிட்டோம். ஆபீஸில், அவசரம் என்றால் போன் போடுங்கள், மெசேஜ் போட்டால் ஒன்பது மணிக்குத்தான் பார்ப்பேன் என்று சொல்லிவிட்டேன். சொல்வதற்கு முன்னால் இரண்டு நாள் பயந்தேன். சொன்ன பிறகு இந்த ஒன்றரை மாதத்தில் மூன்று தடவைதான் அழைப்பு வந்திருக்கிறது. வீட்டுப்பாடத்தை மனைவி ஏழரைக்கு ஒரே தடவை எழுந்து போய்ப் பார்த்து ஒரு தாளில் எழுதிக்கொண்டு வருவாள், நின்றபடியே பார்க்க வேண்டும், உட்காரக் கூடாது என்பது அவள் போட்ட சட்டம், அது வேலை செய்கிறது. இந்த இரண்டு மணி நேரத்தில் நான் குழந்தைகளோடு விளையாடியே தீர வேண்டும் என்றெல்லாம் வைத்துக்கொள்ளவில்லை. முள்ளுக் கத்தரிக்காய் அரிவேன், துணி மடிப்பேன், அம்மாவுக்கு மாத்திரை எடுத்து வைப்பேன். கைக்கு வேலை இருக்கும்.

முதல் வாரம் என் மகள் பக்கத்தில் வரவே இல்லை. நான் பாட்டுக்குத் துணி மடித்துக்கொண்டிருக்க, அவள் தூரத்தில் இருந்து பார்ப்பாள், ஆயாவிடம், அதாவது என் அம்மாவிடம், போய் உட்காருவாள். ஒருநாள் வந்து, "அப்பா, போன் சார்ஜ்ல கீதா?" என்று கேட்டாள். ஆயாவோடு சேர்ந்து சேர்ந்து பேச்சும் அப்படியே வந்துவிட்டது. இல்லம்மா, மேல்தட்டில் இருக்கிறது என்றேன். போய் ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்துவிட்டு வந்தாள். என் சொல்லை நம்பாமல் போய்ப் பார்த்தாளே என்று ஒரு நொடி சுருக்கென்றது. அப்புறம் உட்கார்ந்து, மடித்து வைத்த தம்பியின் சட்டையைப் பிரித்து அவளே மறுபடி மடித்துக்கொண்டு, கிளாஸில் ஒரு பெண் இவளோடு பேசுவதை நிறுத்தி நாலு நாள் ஆகிறது என்று சொன்னாள். நாலு நாள். நாலு நாளும் காலையில் அரை மணி நேரம் என் முதுகுக்குப் பின்னால் பூனைக் கதை பேசிக்கொண்டு வந்தவள்தான். இதை முகம் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்திருக்கிறாள்.

நான் எதுவும் அறிவுரை சொல்லவில்லை. "இன்னா ஆச்சு, சொல்லு" என்று மட்டும் கேட்டேன். உள்ளேயிருந்து அம்மா இருமிக்கொண்டே திரும்பிப் பார்த்தார்.

கிரீன் சர்க்கிளில் மட்டும் இன்னும் பேச்சு நிற்கிறது. வண்டி நின்றதும் அவள் வாய் தன்னால் மூடிக்கொள்கிறது. நான் இரண்டு கையையும் ஹேண்டில்பாரிலேயே வைத்துக்கொண்டு, "அப்புறம்?" என்கிறேன். என் ஹெல்மெட் குனிகிறதா என்று கொஞ்ச நேரம் பார்ப்பாள் போல. நேற்று அந்தக் கருப்புக் குட்டியைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டு வந்தாள், இப்போது அதற்குக் கண் திறந்து, வளர்ந்து, சுவர் மேலே ஏறிவிட்டதாம், இறங்கத்தான் தெரியவில்லையாம்.